குன்னூரிலிருந்து ஸ்ரீமங்கலுக்கு 33 நாள்

2020 ஜனவரி 20, திங்கட்கிழமை. பொங்கலுக்கு ஊர் போயிருந்த ஓட்டுநர்கள் திரும்பி வந்த கையோடு, மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு லாரிகள் வங்கதேச எல்லையை நோக்கிக் கிளம்பின. இரண்டிலும் சேர்த்துப் பதினோரு மரப்பெட்டிகள், ஏறத்தாழ 17 டன். உள்ளே இருந்தவை குன்னூர்ப் பட்டறை ஒன்றில் செய்த தேயிலை இயந்திரங்கள்: மூன்று வெட்டு சி.டி.சி. வரிசை (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் ரோலர் இயந்திரம்), அதற்கான உதிரி ரோலர்கள், ஒரு ரோட்டர்வேன் (அதற்கு முன் இலையை அரைத்துத் தருவது), பிரித்துக் கட்டிய உலர்த்தி. போக வேண்டிய இடம் மௌல்விபஜார் மாவட்டத்தில் ஸ்ரீமங்கல் அருகே உள்ள ஒரு தோட்டத் தொழிற்சாலை. போய்ச் சேர்ந்த நாள் பிப்ரவரி 22. மொத்தம் 33 நாள். அதில் சக்கரம் உருண்டது 9 நாள்தான்.

அந்தப் பட்டறையில் சரக்கு அனுப்பும் வேலை அப்போது என் பொறுப்பில் இருந்தது. மீதி 24 நாள் எங்கே போயிற்று என்று அன்று யாராவது கேட்டிருந்தால், யோசிக்காமல் ‘எல்லையில்’ என்று சொல்லியிருப்பேன். முதலாளியிடம் அப்படித்தான் சொன்னேன். பிறகு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துவைத்துத் தேதி தேதியாகக் கணக்குப் பார்த்தபோது வேறு விடை வந்தது. எல்லை தின்றது 7 நாள். மற்ற 17 நாளும் குன்னூரிலேயே, என் மேசையிலும் எங்கள் தச்சுக் கொட்டகையிலும் உருவாகி, லாரியோடு சேர்ந்து வடக்கே பயணம் போனவை.

ஏன் லாரி, ஏன் ஜனவரி

வங்கதேசத் தோட்டங்களில் குளிர்காலம் கவாத்து வெட்டும் காலம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை தொழிற்சாலை ஓய்ந்திருக்கும். மார்ச்சில் முதல் கொழுந்து வந்துவிட்டால் பழைய இயந்திரத்தைக் கழற்ற முடியாது. ஆகவே புதிதாக எதை மாட்டுவதானாலும் அந்த மூன்று மாதத்துக்குள் மாட்டிவிட வேண்டும். நீலகிரியில் இந்த நெருக்கடி அவ்வளவாகத் தெரியாது. இங்கே பனி விழும் மாதங்களிலும் கொஞ்சமாவது இலை வந்துகொண்டேயிருக்கும். அதனால்தான் அவர்களுடைய அவசரம் எங்களுக்குத் தாமதமாக உறைத்தது.

கப்பலில் சட்டோகிராம் அனுப்பும் வழியும் இருந்தது. வாங்குபவருக்கு முந்தைய ஒரு முறை துறைமுகத்தில் கன்டெய்னர் சிக்கிய கசப்பு. லாரியில்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தார். எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. 2,300 கிலோமீட்டர், ஆறு நாள் ஓட்டம், எல்லையில் இரண்டு மூன்று நாள், அதன்பின் இரண்டு நாள் என்று விரல் விட்டு எண்ணினோம்.

பெரிய லாரியை நாங்கள் குன்னூருக்கு வரவழைப்பதில்லை. பர்லியாறு வழிக் கொண்டை ஊசி வளைவுகளில் நீள வண்டி ஒன்று திரும்ப முடியாமல் நின்றால் மலையே நிற்கும். அதனால் ஆறு சக்கர வண்டிகளில் பெட்டிகளை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கி, அங்கே பன்னிரண்டு சக்கர லாரிக்கு மாற்றுவது வழக்கம். செயின் பிளாக், உருட்டுக் கட்டை, பழகிய ஆறு லோடுமேன்கள். அரை நாளில் முடிந்துவிடும். சரக்கை வண்டி மாற்றுவது எங்களுக்குக் கைவந்த வேலை. அந்தப் பழக்கமே பின்னால் எங்களை ஏமாற்றியது: எல்லா இடத்திலும் அந்த ஆறு பேர் இருப்பார்கள் என்று நினைத்துவிட்டோம்.

ஒன்பது நாள்: ஒரு வரி

ஜனவரி 26 மாலை லாரிகள் மேற்கு வங்காளத்தின் போங்கான் நகரத்தைச் சேர்ந்தன. கொல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். பெட்ராபோல் எல்லைக்குப் போகும் லாரிகள் அங்கேதான் வரிசை பிடிக்கும். மறுநாள் காலை சுங்க முகவர் எங்கள் தாள்களைப் பார்த்துவிட்டு போன் செய்தார். எல்.சி.யில் இரண்டு குறை.

வாங்குபவரின் வங்கி, இன்னின்ன தாள்கள் இன்னின்னபடி வந்தால் பணம் தருகிறேன் என்று எழுதிக் கொடுப்பது எல்.சி. அந்த வங்கி இயந்திரத்தைப் பார்ப்பதேயில்லை, தாளைத்தான் பார்க்கும். எங்கள் எல்.சி.யில் ‘பகுதி பகுதியாக அனுப்பக் கூடாது’ என்று ஒரு வரி இருந்தது. நான் படித்திருந்தேன். இரண்டு லாரியும் ஒரே நாளில் ஒரே ஊரிலிருந்து ஒரே ஊருக்குத்தானே போகின்றன, இது எப்படிப் பகுதியாகும் என்று கடந்து போய்விட்டேன். உலகெங்கும் வங்கிகள் எல்.சி.க்குப் பின்பற்றும் யு.சி.பி. 600 விதித்தொகுப்பின் 31ஆவது பிரிவு, என்னைப் போன்றவர்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது: ஒரே வகைப் போக்குவரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளில் போனால், அவை ஒரே நாளில் ஒரே இடத்துக்குக் கிளம்பினாலும், அது பகுதிச் சரக்குதான். ஒரே கப்பலில் ஏற்றுகிறவர்களுக்கு இந்த விதி உறுத்தாது. லாரிக்காரர்களுக்குத்தான் இது கண்ணி. இரண்டாவது லாரியைப் பிடித்த கணத்திலேயே நாங்கள் அதில் காலை வைத்துவிட்டோம்.

இன்னொரு குறை சரக்குக் குறியீடு. தேயிலையை வெட்டும் சுருட்டும் இயந்திரங்கள் 8438 என்ற தலைப்பில் வருபவை. உலர்த்தி 8419. எல்.சி.யில் எல்லாவற்றையும் ‘தேயிலை இயந்திரம் ஒரு செட்’ என்று 8438இல் அடக்கியிருந்தார்கள். வரைவு எங்களுக்கு வந்தபோது நாங்கள் திருத்தச் சொல்லவில்லை. தொழிற்சாலைக்கான மூலதன இயந்திரம் என்ற தீர்வைச் சலுகை வேண்டுமென்றால், அந்தப் பக்கம் தாளும் பெட்டியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

திருத்தம் ஒரு நாள் வேலை. ஆனால் நாட்காட்டி வேறு சொன்னது. வங்கதேசத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை, நமக்கு ஞாயிறு. இரண்டு பக்கத்து வங்கியும் அலுவலகமும் ஒன்றாகத் திறந்திருப்பது திங்கள் முதல் வியாழன் வரைதான். அந்த வாரம் சரஸ்வதி பூஜை வேறு. அதற்கு மேற்கு வங்காளம் எப்படி ஓய்ந்துவிடும் என்று நமக்குத் தெரியாது. நம்முடைய சரஸ்வதி பூஜை நவராத்திரியில் அல்லவா வருகிறது. பிப்ரவரி 1 டாக்கா மாநகராட்சித் தேர்தல். 2ஆம் தேதி ஞாயிறு, அவர்கள் வங்கி திறந்திருந்தது, நம்முடையது மூடியிருந்தது. திருத்திய எல்.சி. கைக்கு வந்தது பிப்ரவரி 4.

ஏழு நாள்: வரிசை

இது மட்டும் எல்லையின் கணக்கு. முதல் லாரியை ஓட்டிய சங்ககிரி அண்ணனிடம், ஏன் நகரவில்லை என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் அவர் பொறுமை இழந்தார். “தம்பி, மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிக்கு வெளியே வண்டி நிற்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? வாசல் அகலமாகத்தான் இருக்கிறது. உள்ளே மூட்டை இறங்கினால்தான் வெளியே வண்டி நகரும். இதுவும் அதேதான்.”

எந்த அறிக்கையிலும் இதைவிடத் தெளிவாக நான் படித்ததில்லை. பெட்ராபோலில் ஒருங்கிணைந்த சோதனைச் சாவடி 2016இல் திறக்கப்பட்டது. 2017 ஆகஸ்டு முதல் இரவு பகலாக இயங்குகிறது. ஆனால் இந்திய லாரி அந்தப் பக்கம் பெனாபோல் யார்டு வரைதான் போகலாம். அங்கே சரக்கை இறக்கி, வங்கதேச லாரியில் ஏற்ற வேண்டும். ஆகவே ஒரு நாளில் எத்தனை லாரி எல்லை தாண்டும் என்பதை முடிவு செய்வது பெனாபோலில் அன்று எத்தனை லாரிச் சரக்கு இறங்குகிறது என்பதுதான். இந்தப் பக்கம் கட்டடத்தைப் பெரிதாக்கினாலும், கணினியை மாற்றினாலும், மூட்டை இறங்கும் வேகம்தான் வரிசையின் வேகம்.

லாரியே நேராக டாக்கா வரை போகலாம் என்ற ஏற்பாடு காகிதத்தில் உண்டு. வங்கதேசம், பூடான், இந்தியா, நேபாளம் நான்கும் 2015 ஜூன் 15 அன்று திம்புவில் மோட்டார் வாகன உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதே ஆண்டு கொல்கத்தாவிலிருந்து டாக்கா வழியாக அகர்தலாவுக்கு ஒரு சரக்கு லாரி வெள்ளோட்டமாகப் போயும் வந்தது. பூடான் நாடாளுமன்ற மேலவை ஒப்புதல் தரவில்லை. மற்ற மூன்றும் தமக்குள் நடத்திக்கொள்ளலாம் என்றார்கள். எங்கள் லாரிகள் நின்ற 2020இல் அது பேச்சாகவே இருந்தது.

உலக வங்கி 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, இந்த எல்லையைத் தாண்டப் பல நாள் ஆகிறது, இதே அளவு போக்குவரத்து உள்ள கிழக்கு ஆப்பிரிக்க எல்லைகளில் ஆறு மணி நேரத்துக்குள் முடிகிறது என்றது. குன்னூர்க்காரர்களுக்கு இது வெறும் புள்ளிவிவரம் இல்லை. இங்கே ஏலத்தில் விலை இறங்கும்போதெல்லாம் நாம் திட்டும் ஆப்பிரிக்கத் தேயிலையில் ஒரு பகுதி, ருவாண்டாவிலிருந்தும் உகாண்டாவிலிருந்தும் லாரியில் எல்லை தாண்டித்தான் கென்யாவின் மொம்பாசா ஏலத்துக்கு வருகிறது. எதிர்த்திசையில் மொம்பாசா துறைமுகத்திலிருந்து உகாண்டாவின் கம்பாலா போகும் சரக்குக்கு, 2014இல் தொடங்கிய பொதுச் சுங்க ஏற்பாட்டில், துறைமுகத்திலேயே தீர்வை முடிந்துவிடும். மின்னணு முத்திரை போட்ட லாரி மலாபா எல்லையில் ஒரே ஒரு முறை நின்று, சரக்கை இறக்காமல் போய்விடும். அது சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கொரோனா காலத்தில் அதே மலாபாவில் ஓட்டுநர்களுக்குச் சோதனை எடுத்து முடிப்பதற்குள் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்டது. ருவாண்டா–உகாண்டா இடையே கட்டுனா எல்லை அரசியல் சண்டையில் 2019 பிப்ரவரியிலிருந்து 2022 ஜனவரி வரை மூடிக் கிடந்தது. என்றாலும் திறந்திருக்கும் நாளில் அங்கே பெட்டி வண்டி மாறுவதில்லை. வித்தியாசம் அந்த ஒன்றில்தான்.

வரிசையில் நின்ற நாட்களில் எனக்குத் தூக்கம் கெட்டது இ-வே பில்லால், அதாவது சாலையில் சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டால். அப்போதைய விதிப்படி 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 2,300 கிலோமீட்டருக்கு 23 நாள், அதாவது பிப்ரவரி 12 நள்ளிரவு வரை. லாரிகள் எல்லை தாண்டியது பிப்ரவரி 11. நீட்டித்துக்கொள்ள வழி உண்டு, ஆனால் முடிகிற நேரத்துக்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று மாற்றிவிட்டார்கள். இன்றைய விதிப்படி அதே பில் பிப்ரவரி 1ஆம் தேதியே, லாரி போங்கானில் நிற்கும்போதே காலாவதியாகியிருக்கும்.

எட்டு நாள்: நாலா, எட்டா

ஓட்டுநர்கள் கார் பாஸ் வாங்கிக்கொண்டு பெனாபோல் யார்டுக்குள் போனார்கள். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டாம், யார்டை விட்டு வெளியே போகவும் முடியாது. ஒன்பது பெட்டிகள் இரண்டு நாளில் இறங்கின. இரண்டு மட்டும் நின்றன. அன்று இரவு முகவரின் ஆள் கையால் எழுதிய சீட்டு ஒன்றைப் படம் எடுத்து அனுப்பினார். ஓரத்தில் இரண்டு எண்கள்: 8, 9. கிரேன் தேவை என்று ஆங்கிலத்தில் குறிப்பு.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. 8ஆம் பெட்டி உலர்த்தியின் தகரக் குழாய்கள், நாலு பேர் தூக்கலாம். 9ஆம் பெட்டி ரோட்டர்வேனின் மூடிகள். இதற்கு எதற்குக் கிரேன்? இருந்தாலும் 8க்கும் 9க்கும் வரைபடம், எடை, எங்கே கட்டித் தூக்க வேண்டும் என்ற விவரம் எல்லாம் தயார் செய்து அனுப்பினோம். அவர்கள் அதைப் பார்த்து எங்களைவிடக் குழம்பினார்கள். ஒன்றரை நாள் இப்படிப் போயிற்று.

கடைசியில் பட்டறைக்கு ரோலர் சாணை பிடிக்க வந்த ஒரு தொழிற்சாலை வண்டியில் கூட வந்திருந்த அசாம் பையன்தான் காப்பாற்றினான். இப்போது நீலகிரித் தோட்டங்களில் வடகிழக்குத் தொழிலாளர்கள் நிறைய. படத்தைக் காட்டினேன். சிரித்தான். வங்க எழுத்தில் நான்கு என்பது நம்முடைய 8 போலவே இருக்கும். ஏழு நம்முடைய 9 போல இருக்கும். அசாமிய எழுத்திலும் அப்படியே. நின்றிருந்தவை 4ஆம் பெட்டியும் 7ஆம் பெட்டியும்.

4ஆம் பெட்டி சி.டி.சி. வரிசையின் அடிச்சட்டம். 3.2 டன், 6.4 மீட்டர் நீளம். நடுவில் போல்ட்டைக் கழற்றினால் இரண்டாகப் பிரியும். மறுபடி சேர்க்கும்போது மட்டம் பார்ப்பது தொல்லை என்பதால் முழுதாகவே பெட்டி கட்டியிருந்தோம். பெட்டியின் மேல் எடை எழுதவில்லை, கனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற குறி இல்லை, சங்கிலி போட இடம் காட்டவில்லை. மேட்டுப்பாளையத்து ஆறு பேருக்கு அது எதுவும் தேவைப்படவில்லையே! நாங்கள் சரியாகச் செய்தது ஒன்றே ஒன்று. சில்வர் ஓக் பலகைகளைக் கோயம்புத்தூர் கொண்டுபோய் மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் இருக்கும்படி சூடேற்றி, பூச்சி இல்லை என்ற முத்திரை வாங்கியிருந்தோம். அதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.

கிரேன் கிடைத்து இறக்கிய பிறகு, அந்த நீளத்துக்கு லாரி கிடைக்கவில்லை. அங்கே சாதாரணமாகக் கிடைப்பது சிறிய உடல் கொண்ட வண்டிகள். நீள வண்டி வந்தது 19ஆம் தேதி. பிறகு தௌலத்தியா படித்துறையில் பத்மா நதியைக் கடக்கப் படகு வரிசை, இரவில் மூடுபனிக்கு நிறுத்தம். 22ஆம் தேதி ஸ்ரீமங்கல்.

பணத்தில் வராத கணக்கு

லாரி காத்து நின்றதற்கான ஹால்டிங் தொகை, யார்டு வாடகை, கிரேன் எல்லாம் சேர்ந்து எங்கள் லாபத்தைத் தின்றன. அது போகட்டும். இயந்திரம் தாமதமாக வந்ததால், மாட்டப் போன எங்கள் பிட்டர்கள் இருவரின் வேலையும் தள்ளிப்போய் மார்ச் மூன்றாம் வாரத்தில் முடிந்தது. அதற்குள் விமானங்கள் நின்றுவிட்டன. நம் நாட்டில் மார்ச் 25 முதல் ஊரடங்கு, அங்கே 26 முதல் பொது விடுமுறை. அந்த 17 நாள் வீணாகாமல் இருந்திருந்தால் இருவரும் மார்ச் முதல் வாரத்திலேயே வீடு திரும்பியிருப்பார்கள். மே மாதத்துச் சிறப்பு விமானம் வரை ஸ்ரீமங்கலிலேயே இருந்தார்கள். தோட்ட வேலை நிற்காததால் அவர்கள் மாட்டிய இயந்திரத்தை அவர்களே ஓட்டிக் கொடுத்தார்கள்.

இருவரில் மூத்தவரின் குடும்பம், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பிக் கோத்தகிரிப் பக்கம் குடியேறிய குடும்பம். போனில் நான் மன்னிப்புக் கேட்கப்போனபோது அவர் சொன்னார்: “எங்கள் அப்பாவை மண்டபம் முகாமில் ஒரு தாளுக்காக எத்தனை நாள் உட்கார வைத்தார்கள் தெரியுமா? இங்கே சோறாவது நன்றாகப் போடுகிறார்கள், விடுங்கள் தம்பி.” பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாம் முறை

2023 தொடக்கத்தில் அதே தோட்டத்துக்கு இன்னொரு உலர்த்தியும் ரோலர்களும் போயின. இம்முறை எல்.சி. வரைவை வங்கி வெளியிடும் முன்பே சுங்க முகவருக்கு அனுப்பி வரி வரியாகப் படிக்கச் சொன்னோம். பகுதிச் சரக்கு அனுமதி, 8419 தனி, 8438 தனி. எந்தப் பெட்டியும் 4 மீட்டருக்கு மேல் இல்லை, ஒன்றரை டன்னுக்கு மேல் இல்லை. சட்டத்தைப் பிரித்தே அனுப்பி, சேர்க்கும் இடத்தில் குறி குத்திவிட்டோம். மட்டம் பார்க்க ஒரு நாள் கூடுதலாயிற்று, அவ்வளவுதான். லாரியை ஞாயிற்றுக்கிழமை எல்லை சேரும்படி கிளப்பினோம், முன்னால் முழு நான்கு நாள் இருக்கட்டும் என்று.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஸ்ரீமங்கல் 14 நாள். இதில் எங்கள் புத்திசாலித்தனம் எவ்வளவு என்று பெருமை பேச வாய்ப்பில்லை. 2022 ஜூனில் பத்மா பாலம் திறந்துவிட்டதால் படகுத்துறை வழியிலேயே இல்லை. அதே ஆண்டு மேற்கு வங்க அரசு லாரிகளுக்கு இணையத்தில் முன்பதிவு கொண்டுவந்தது. ஆனால் பெனாபோல் யார்டில் பெட்டிகள் ஒன்றரை நாளில் வண்டி மாறின. அந்த ஒன்றை மட்டும் எங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

எல்லை நம் ஏற்பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காது என்பதும் உண்மை. 2025 ஏப்ரலில் வங்கதேசம் தரைவழியாக இந்திய நூல் வருவதை நிறுத்தியது. மே மாதம் இந்தியா அங்கிருந்து தரைவழியாக ஆயத்த ஆடை வருவதை நிறுத்தியது. கோவை, திருப்பூர்ப் பக்கம் கேட்டால் அந்தக் கதையைச் சொல்வார்கள். இயந்திரத்துக்கு அந்தத் தடை இல்லை. இருந்தாலும் இப்போது ஒவ்வொரு ஆர்டருக்கும் தூத்துக்குடி வழிக் கப்பல் விலையையும் சேர்த்தே வாங்கி வைக்கிறோம்.

பெட்டிகளுக்கு இப்போது எண் போடுவதில்லை. ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துதான், நான்கு பக்கமும், கீழே எடையும் தூக்கும் இடமும். பெயிண்டர் தாத்தா முதல் தடவை எழுதியபோது, ஒன்று இரண்டு என்று எழுதினால் என்ன குறைச்சல் என்று கேட்டார். அந்த ஒன்றரை நாள் கதையைச் சொன்னேன். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, அவர்கள் ஊரில் எட்டை எப்படி எழுதுவார்கள் என்று கேட்டார்.